கோழிக்கு ஒரு குழி

போன வாரம் பத்திரிகையில் என் பத்தி வரும் இந்த இடத்தில் மாங்காய்த் தொக்கு செய்வது எப்படி என்று போட்டிருந்தார்கள்.

பஸ்ஸில், பள்ளிக்கூடத்தில், பாண் கடையில்... போன இடமெல்லாம் ஒரே கேள்வி. "என்ன மாஸ்டர், உடம்புக்குச் சுகமில்லையா?"

எனக்கு ஒன்றுமில்லை. வீட்டில் கோழிக்குத்தான் சுகமில்லாமல் இருந்தது.

சொன்னால் சிரிக்கிறார்கள். கோழிக்குச் சுகமில்லை என்று ஒரு மனிதன் எழுதாமல் இருப்பானா? வேறு யாராவது என்னிடம் இப்படிச் சொல்லியிருந்தால் நானும் சிரித்துத்தான் இருப்பேன். சிரித்து முடித்தவர்கள் மேலே படியுங்கள்.

முதலில் என் தங்கை செலினைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

செலினை எல்கடுவப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். புருஷன் பெயர் அந்தோனி. தேயிலை பெக்டரியில் வேலை. நாள் முழுக்க இலை அரைக்கும் மெஷின் பக்கத்தில் நிற்பவன். அந்தச் சத்தத்தில் பேசிப் பயனில்லை என்று பழகிவிட்டதோ என்னவோ, வெளியே வந்தாலும் வாய் திறப்பது குறைவு. கலியாணத்தன்று கோயிலில் சம்மதம் சொன்னதுதான் அவன் சத்தமாகப் பேசி நான் கேட்டது.

இந்த வருஷம் செலின் முழுகாமல் இருந்தாள். முதல் பிள்ளை. எட்டாம் மாதத்தில் பலாபத்வலயில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவதாக ஏற்பாடு. என் மனைவி ரெஜினா இரண்டு வெடைக்கோழிகளை வாங்கி வளர்க்கத் தொடங்கினாள். ஒன்று கறுப்பு, ஒன்று செவலை. எதற்கு? பிள்ளை பெற்றவளுக்கு மிளகும் பூண்டும் போட்டுப் பத்தியக் கறி வைக்க. கொல்லைக்கு வந்த நாளிலிருந்தே அவை இரண்டும் செலினின் கோழிகள்தான்.

எட்டாம் மாதம் வருமுன்னே வலி வந்துவிட்டது.

நல்ல மழை நாள். தோட்டத்து டிஸ்பென்சரி வரைக்கும் கம்பளியில் வைத்துத் தூக்கிப் போனார்களாம். பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. செலினுக்கு இரத்தம் நிற்கவில்லை. நினைவும் இல்லை. தோட்ட லொறியில் மருத்துவச்சியோடு ஏற்றி மாத்தளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தோனியால் கூட வர முடியவில்லை. பிள்ளையின் காரியத்தை யார் பார்ப்பது?

மறுநாள் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தான். காலெல்லாம் செம்மண்.

"எல்லாம் முடிஞ்சிருச்சு மச்சான்," என்றான்.

நான் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் வேதத்தில் ஞானஸ்நானம் ஆகாத பிள்ளையை மந்திரித்த நிலத்தில் வைப்பதில்லை. கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே எங்கேயாவது வைப்பார்கள். பூசை இல்லை, மணி இல்லை, சிலுவை இல்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனாலேயே யாரும் பேசுவதில்லை.

செலின் பிழைத்தாள். வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வருமுன்னே உத்தரத்தில் கட்டியிருந்த தொட்டில் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். ரெஜினா தைத்து வைத்திருந்த சின்னச் சட்டைகள் அலுமாரியின் மேல் தட்டுக்குப் போயின. அவள் காதில் அந்தப் பேச்சே விழக்கூடாது என்று தீர்மானம் செய்தோம். பேசாமல் இருந்தால் மறந்துபோகும். யாரைக் கேட்டுத் தீர்மானித்தோம்? அவளைத் தவிர எல்லோரையும் கேட்டோம்.

பிள்ளை இல்லையென்றாலும் உடம்பு பச்சை உடம்புதானே? ரெஜினா கறுப்புக் கோழியைச் சமைத்தாள். செலின் தட்டைப் பார்த்தாள்.

"இது அதுக்குன்னு வாங்கினதுதானே அண்ணி?"

செலின் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனாள். அன்றைக்கு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு செவலையின் பக்கம் யாரும் கத்தியோடு போகவில்லை.

அதன் பின் செலின் பின்கதவுப் படியில் உட்காரத் தொடங்கினாள். காலையில் உட்கார்ந்தால் வெயில் சாயும் வரைக்கும் அங்கேதான். கொக்கோ மரங்களுக்குக் கீழே செவலை சருகைக் கிளறிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்... பார்த்தாளோ, கண் மட்டும் அங்கே இருந்ததோ. கேட்டால் "ம்" என்பாள். கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

அந்தோனி ஞாயிறு தவறாமல் வருவான். வாங்குப் பலகையின் ஒரு முனையில் அவன், மறு முனையில் அவள். நடுவில் இரண்டு தேத்தண்ணிக் கோப்பை. ஆறிப்போகும் வரை இரண்டு பேரும் அந்தக் கோப்பைகளைப் பார்ப்பார்கள். பிறகு "அப்ப நான் வர்றேன்" என்று எழுந்து போவான். நானும் ரெஜினாவும் உள்ளே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். புருஷன் பெண்சாதிக்குச் சண்டை என்றால் சமாதானம் செய்யலாம். இதற்கு என்ன செய்வது?

இப்படி இருக்கும்போதுதான் செவலை தீனி எடுப்பதை நிறுத்தியது.

ஒரு நாள் காலையில் குசினிச் சுவரோரமாக நின்றது. சிறகை உப்பிக்கொண்டு, கழுத்தை உள்ளே இழுத்து, கண்ணை மூடி. கொண்டை கறுத்திருந்தது. கழுத்துக்குக் கீழே இரைப்பை மட்டும் பந்து மாதிரி வீங்கியிருந்தது. தொட்டுப் பார்த்தால் களிமண் உருண்டை.

மிருக வைத்தியரைத் தேடிப் போனேன். அவர் லக்கலப் பக்கம் மாடு பார்க்கப் போயிருந்தார். அந்தப் பக்கத்துக்குப் பஸ் ஓடும் சீரில், எப்போது திரும்புவார் என்று யாரால் சொல்ல முடியும்?

மனிதனுக்குக் காய்ச்சல் என்றால் ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். கோழிக்குக் காய்ச்சல் என்றால் ஆளுக்கொரு மசாலா சொல்கிறார்கள்.

பக்கத்து வீட்டு ஹமீது நானா டவுனில் கருவாட்டுக் கடை வைத்திருக்கிறவர். நல்ல மனிதர். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"மாஸ்டர், இது தாங்காது. உசிரு இருக்கக்குள்ளயே அறுத்துருவோம். தானாச் செத்துட்டா ரெண்டு வீட்டுக்கும் ஒதவாது."

நியாயமான பேச்சு. ரெஜினா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டப் போனேன்.

"வேணாம்."

படியிலிருந்து செலின் சொன்னாள். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "சரி புள்ள, வேணாம்னா வேணாம்," என்று இறங்கிவிட்டார்.

செலின் எழுந்து வந்து செவலையைத் தூக்கினாள். பழைய துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, ஒங்க மை விடுற ஃபில்லரைக் குடுங்க. தேங்கா எண்ணெய் விடணும்."

அவள் என்னிடம் எதையாவது கேட்டு எத்தனை நாளாகிவிட்டது. கையில் இருந்த சம்பளத்தைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். ஃபில்லரைச் சுடுதண்ணீரில் கழுவிக் கழுவி, நீலம் போகும் வரை கழுவிக் கொடுத்தேன்.

எண்ணெயை இளஞ்சூடாக்கி, அலகைத் திறந்து, நாக்குக்குப் பக்கவாட்டில் சொட்டுச் சொட்டாக விட்டாள். பிறகு இரைப்பையை விரல் நுனியால் மெல்ல மெல்லப் பிசைந்தாள். அது பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது.

நானாவின் மனைவி சுலைஹா அன்று பின்னேரமே வந்துவிட்டாள். கையில் ஒரு சிரட்டை நிறையக் கருஞ்சீரகமும் உள்ளிப் பூண்டும் இடித்த விழுது.

"எங்கட நானா அப்பிடித்தான் புள்ள. கோழியக் கண்டா கறிச்சட்டிதான் நெனவு. இதக் கடலை மணியளவு உருட்டிக் குடுங்க. அல்லாட காவல்."

சுலைஹாவுக்குச் செலினைவிட வயது கூட. எத்தனையோ தரம் வந்து போனவள்தான். ஆனால் அன்றுதான் படியில் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோழியைப் பற்றி மட்டும் பேசினாள். செலின் பதில் சொன்னாள். நான் உள்ளே பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அன்றைக்குத் திருத்திய தாள்களில் பிள்ளைகளுக்கு ஏறுமாறாக மார்க் விழுந்திருக்கும். காது முழுக்க வெளியேதான் இருந்தது.

இரைப்பை கொஞ்சம் இளகியது. ஒரு மத்தியானம் செவலை கஞ்சித் தண்ணீர் குடித்தது. இரண்டு பருக்கை கொத்தியது. செலினும் அதன் பக்கத்திலேயே தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். ரெஜினா அடுப்படியில் நின்று சிலுவை அடையாளம் போட்டதைப் பார்த்தேன். கோழிக்காகவா போட்டாள்?

அந்த ஞாயிறு அந்தோனி வந்தபோது வாங்கில் யாரும் இல்லை. செலின் படியில் இருந்தாள்.

"கொஞ்சம் இதப் புடிங்க," என்றாள்.

அவன் குந்தி உட்கார்ந்து பிடித்தான். பெரிய முரட்டுக் கை. கோழி அதற்குள் அடங்கிவிட்டது.

"என்னா இது, இம்புட்டு லேசா இருக்கு?"

"தின்னாத்தானே. நேத்துத்தான் ரெண்டு பருக்க கொத்துனிச்சி."

"எண்ணெய் ரொம்பச் சூடா இல்லியே?"

"இல்ல. கைய விட்டுப் பாத்துட்டேன்."

அவ்வளவுதான் பேச்சு. எங்களுக்கு அது போதும். அன்றைக்குத் தேத்தண்ணி ஆறுமுன் இரண்டு பேரும் குடித்துவிட்டார்கள்.

இந்தக் கோழி பிழைத்துவிட வேண்டுமே என்று நான் உண்மையாகவே வேண்டிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதுகூட அதன் நினைவு. ஒரு கோழியின் மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றலாமா? அதற்கு என்ன தெரியும்...

வார நடுவில் மறுபடியும் படுத்துவிட்டது. இந்தத் தடவை இரைப்பை கல்லாகவில்லை. பைக்குள் தண்ணீர் தளும்பியது. கழுத்து நிற்கவில்லை. சுலைஹா தந்தது, ரெஜினாவுக்குத் தெரிந்தது, மருந்துக் கடைக்காரர் சொன்னது, எல்லாம் கொடுத்துப் பார்த்தோம். சனிக்கிழமை ஹமீது நானா வேலியோரம் வந்தார். பார்த்தார். அறுக்கும் பேச்சை எடுக்கவில்லை. "அதுக்கு நோவு கடுமையா இருக்கும் புள்ள," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை நாங்கள் பூசைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தோம். வழக்கத்தைவிட முன்கூட்டியே அந்தோனி வந்துவிட்டான். அவன் வந்து பக்கத்தில் குந்திய கொஞ்ச நேரத்தில், செலினின் மடியிலேயே செவலை ஒரு தரம் காலை உதைத்தது. பிறகு கழுத்து தொங்கிவிட்டது.

செலின் அழவில்லை. துவாயின் முனையால் அதன் முகத்தை மூடினாள்.

ரெஜினா மெல்ல, "வாழை அடியில போட்டுருவோம் தம்பி," என்றாள். செத்த கோழிக்கு எல்லா வீட்டிலும் அதுதான் இடம். இல்லாவிட்டால் ஓடை.

"மம்பட்டி இருக்கா மச்சான்?" என்றான் அந்தோனி.

எடுத்துக் கொடுத்தேன். அவன் வேலியோரத்தில், மிளகுக் கொடி ஏறிய மரத்துக்குப் பக்கத்தில் குழி வெட்டினான். கோழிக்கு எவ்வளவு குழி வேண்டும்? இரண்டு வெட்டு வெட்டினால் போதாதா? அவன் முழங்கை ஆழத்துக்கு மேல் போனான். ஓரங்களைச் சதுரமாகச் செதுக்கினான். அடியில் கிடந்த பரல் கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே போட்டான். வாழை இலையைக் கிழித்து விரித்தான். செலினிடமிருந்து துவாயோடு வாங்கி, தலைப்பக்கத்தை ஒரு கையால் தாங்கி, மெல்ல இறக்கி வைத்தான்.

மண்ணைக் கையால்தான் தள்ளினான். மம்பட்டியைத் தொடவில்லை. மூடிய பிறகு தட்டையான ஒரு கல்லைத் தேடிக் கொண்டுவந்து மேலே வைத்து, அது ஆடாதபடி நாலு பக்கமும் மண்ணை அணைத்தான்.

"நாய் தோண்டும்," என்றான், யாரும் கேட்காமலே.

செலின் அவனுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கயும் கல் வெச்சீங்களா?"

அந்தோனியின் கை மண்ணிலேயே நின்றுவிட்டது. ரெஜினா என் சட்டையைப் பிடித்தாள்.

"வெச்சேன்," என்றான்.

"எங்க?"

"மேட்டு லயத்துக்கு அங்கிட்டு. ஓடையோரம் ஒரு கித்துள் மரம் நிக்குதே... அதுக்குக் கீழ. தண்ணி ஏறாத எடம்."

"என்னத்துல சுத்துனீங்க?"

"என் வெள்ளச் சட்டையில. கலியாணச் சட்டை."

"அப்ப இப்ப கோயிலுக்கு என்ன உடுத்துறீங்க?"

"இதுதான்." உடுத்தியிருந்த காக்கிச் சட்டையைத் தொட்டுக் காட்டினான். மார்பில் மண் ஒட்டியது.

செலின் அந்த மண்ணைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"ஆம்பளப் புள்ளையா... பொம்பளப் புள்ளையா?"

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. இத்தனை நாளாக அவளுக்கு அதுகூடத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. சொல்ல எனக்கும் தெரியாது. ரெஜினாவுக்கும் தெரியாது. நாங்கள் கேட்கவே இல்லையே.

"பொம்பளப் புள்ள," என்றான் அந்தோனி. "முடி நெறைய. கண்ணு தொறக்கல. மூக்கு ஒன்னோடது."

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான். மெஷின் சத்தத்தில் பழகிய மனிதன் சத்தமே இல்லாமல் அழுதான். செலின் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் தலையைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள்.

பூசைக்கு மணி அடித்து ஓய்ந்தது. நாங்கள் போகவில்லை.

"என்னய அங்க கூட்டிட்டுப் போங்க," என்றாள் கடைசியில்.

ரெஜினா தடுப்பாள் என்று நினைத்தேன். பஸ் குலுக்கும், ஏற்றம், பச்சை உடம்பு என்று சொல்வாள் என்று நினைத்தேன். அவள் உள்ளே போய்ச் செலினின் துணிகளை மடித்தாள்.

ஞாயிறு பின்னேரம்தான் நான் இந்தப் பத்தியை எழுதும் நேரம். அன்று அந்த நேரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு எல்கடுவ பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். மாங்காய்த் தொக்குக்குக் காரணம் அதுதான்.

பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்சம் ஏற வேண்டும். செலின் நின்று நின்று ஏறினாள். கித்துள் மரத்தடியில் புல் செதுக்கிச் சுத்தமாக இருந்தது. சின்ன இடம். நான் நினைத்ததைவிடச் சின்னது. கல்லில் பாசி இல்லை. எங்கள் வீட்டுக்கு வருமுன் ஞாயிறுதோறும் அந்தோனி இங்கே வந்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறான் என்று அப்போதுதான் தெரிந்தது.

செலின் உட்கார்ந்து கல்லின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"குளிருது," என்றாள்.

பிறகு, "பேர் ஏதும் வெச்சீங்களா?"

"ஞானஸ்நானந்தான் இல்ல... பேர் இல்லாம எப்புடி மண்ணுல வெக்கிறது? நானே ஒரு பேரச் சொல்லித்தான் வெச்சேன். யாருகிட்டயும் சொல்லல."

"என்னா பேரு?"

அவன் குனிந்து அவள் காதில் சொன்னான். எனக்கு ஓடைச் சத்தம்தான் கேட்டது. செலின் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஒரு தரம் மெதுவாக. அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்தது பெயர் இல்லை, அழுகை. இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாளோ, மலை முழுக்கக் கேட்டிருக்கும்.

லயத்து வீடுகளிலிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். வந்து நின்று பார்த்தார்கள். யாரும் எதுவும் விசாரிக்கவில்லை. அவளைச் சுற்றி உட்கார்ந்து, தோளைக் கட்டிக்கொண்டு, அவர்களும் அழுதார்கள். ஆண்கள் கொஞ்சம் தள்ளித் தலைத்துண்டை எடுத்துவிட்டு நின்றார்கள். நானும் அவர்களோடு போய் நின்றேன்.

அன்றைக்குத்தான் அந்தப் பிள்ளைக்குச் சாவு வீடு நடந்தது.

இதைப் பத்திரிகையில் எழுதலாமா என்று, புறப்படும்போது செலினிடம் கேட்டேன். "எழுதுங்கண்ணே," என்றாள். பெயரை மாற்றிப் போடவா என்றேன். "எதுக்கு?" என்றாள். முகம் அழுது வீங்கியிருந்தது. ஆனால் அது எனக்குத் தெரிந்த செலினின் முகம்.

கடைசி பஸ்ஸில் நான் மட்டும் திரும்பினேன். ரெஜினா வாசலிலேயே நின்றாள்.

"செலின் எங்க?"

"அவ வீட்டுல."

துக்கப்பட்டவர்களிடம் எதையும் கேட்கக் கூடாது, அவர்களுக்கு வலிக்கும் என்கிறோம். யாருக்கு வலிக்கும் என்று கேட்காமல் இருக்கிறோம்? ஒரு கோழிக்குக் குழி வெட்டும் வரைக்கும் என் தங்கையிடம் யாரும் வாய் திறக்கவில்லை. கேட்டதும் அவள்தான்.

வருகிற ஞாயிறு எல்கடுவ பஸ் ஏறப் போகிறேன். தாய்மாமன் நான், என் மருமகளின் பெயர் எனக்கு இன்னும் தெரியாது.